தோப்பும்படி முதல் இடக்கொச்சி வரை: ஒரு சவால் உருவாக்குவது எப்படி?

இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் விளையாட்டு கேரளத்துக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்பது கொச்சியின் பள்ளுருத்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆட்டக்காரர்கள் தாங்களே செய்து சேர்த்த 'மோட்' என்ற மாற்றங்களால் இந்தோனேசியச் சாலைகளில் கேரள அரசின் கேஎஸ்ஆர்டிசி பஸ் ஓடியது. கொம்பன் சுற்றுலா பஸ் முழு அலங்காரத்தோடு ஓடியது. ஒரு சுற்றுலா பஸ் சிக்கிய வடக்கஞ்சேரி விபத்துக்குப் பிறகு, 2022 அக்டோபரில், சுற்றுலா பஸ்கள் வெள்ளை நிறத்துக்கு மாறியே ஆக வேண்டும் என்று கேரளம் கறாராகச் சொன்னது. நிஜ பஸ்களில் அழிக்கப்பட்ட ஓவியங்கள் கைபேசித் திரையில் தொடர்ந்து ஓடின.

திரையில் அவற்றை வரைந்த இளைஞர்களை நான் மிகவும் மதிக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தாங்களே கற்றுக்கொண்டவர்கள். ஆனால் கேம் நிறுவனத்தில் வேலை கேட்டுப் போகும்போது, பஸ்ஸுக்குப் பூசிய வண்ணத்தைக் காட்டுகிறவர்கள் ஏராளம். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவருக்குச் செய்வதற்கென்று ஒரு காரியம் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் காரியத்தைப் பற்றியது: எங்கும் போகலாம், எதையும் செய்யலாம் என்று விட்டுவிடும் ஒரு சிமுலேட்டர் உலகத்துக்குள், ஆட்டக்காரராகிய நீங்களே ஒரு சிறிய சவாலைச் சேர்ப்பது. பெரிய கணினியோ பட்டமோ இதற்குத் தேவையில்லை. அடுத்தவர் எப்படி ஆடுவார் என்று யோசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்படி யோசிக்கிற ஆளைத்தான் இந்தத் தொழில் தேடுகிறது.

இப்படிப்பட்ட 'ஓபன் வேர்ல்டு' விளையாட்டுகளுக்கு எல்லாம் ஒரே நோய் உண்டு. முதல் சில மணி நேரம் உலகம் பெரிதாகத் தெரியும். பிறகு, 'சரி, இனி என்ன செய்வது?' என்ற கேள்வி வரும். நிறுவனம் தரும் வேலைகள் தீர்ந்துபோனதும் ஆட்டக்காரர்களே புதிதாக விதிகள் போடத் தொடங்குகிறார்கள். 'தி சிம்ஸ்' ஆடுகிறவர்கள் ஒரே குடும்பத்தைப் பத்துத் தலைமுறை நடத்திக் காட்டும் 'லெகசி' சவாலை உருவாக்கினார்கள். 2011இல் மைன்கிராஃப்டில் வந்த 'ஸ்கைபிளாக்', ஆட்டக்காரரை அந்தரத்தில் மிதக்கும் ஒரு துண்டு நிலத்தில் நிறுத்தி, கையில் சில பொருட்களைக் கொடுத்து, ஒரு பட்டியலையும் நீட்டியது. 2010இல் நிக் ஃபிராங்கோ என்ற இளைஞர் போக்கிமான் விளையாட்டுக்கு இரண்டே விதிகள் எழுதினார்: மயங்கி விழும் போக்கிமானை இறந்ததாகக் கணக்கில் வை, ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டும் பிடி. 'நஸ்லாக்' என்ற பெயரில் இன்றும் உலகமெங்கும் ஆடப்படும் அந்தச் சவாலுக்கு ஒரு வரி நிரல்கூடத் தேவைப்படவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான கதை பப்ஜி. செக் நாட்டு போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனத்தின் 'ஆர்மா' ஒரு ராணுவ சிமுலேட்டர். பரந்த நிலம், உண்மைக்கு நெருக்கமான ஆயுதங்கள், வண்டிகள். 2012இல் டீன் ஹால் அதற்குள் 'டேஇசட்' என்ற மோடைச் செய்தார். அதன்மேல் 2013இல் பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர், கடைசியில் ஒருவர் மட்டும் உயிரோடு மிஞ்சும் போட்டியைச் சேர்த்தார். கிரீன் தேர்ந்த நிரலாளர் அல்ல. புகைப்படம் எடுத்தும் இணையதளம் வடிவமைத்தும் பிழைத்தவர். சுருங்கும் பாதுகாப்புப் பகுதியை அவர் முதலில் சதுரமாக வைக்கத்தான் நினைத்தார். அதை நிரலில் எழுதும் அளவுக்குத் தெரியாததால் வட்டமாக வைத்தார். மையத்திலிருந்து தூரத்தை அளந்தால் போதும் என்பதால் வட்டம் எளிது. அந்த மோடைப் பார்த்துத்தான் 'எச்1இசட்1' விளையாட்டுக்கு ஆலோசகராக அழைத்தார்கள், பிறகு கொரியாவின் புளூஹோல் நிறுவனம் வேலைக்கு எடுத்தது. 2017இல் பப்ஜி வந்தது. கிரீன் கையில் இருந்தது வேறொருவர் கட்டிய உலகமும், அதன்மேல் தான் வைத்த ஒரு விதியும்தான்.

முதலில் காகிதம்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். எங்கே தொடங்குகிறது, எதைச் செய்ய வேண்டும், எப்போது வெற்றி, எப்போது தோல்வி. நான்கும் சேர்ந்து ஐந்து வரிக்குள் அடங்காவிட்டால் சவால் இன்னும் முற்றவில்லை. முதல் சவால் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீளமான சவாலில் தோற்கிறவர் மறுபடி தொடங்க மாட்டார், மறுபடி தொடங்காத சவாலிலிருந்து நீங்கள் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

தொடங்குகிறவர்கள் எல்லோரும் எழுதும் முதல் சவால் ஒன்றுதான்: இங்கிருந்து அங்கே எவ்வளவு சீக்கிரம் போகிறாய்? நம் ஊருக்கு அதை எழுதாதீர்கள். தோப்பும்படியிலிருந்து பள்ளுருத்தி வெளி வழியாக இடக்கொச்சிக்குப் போகும் சாலையில் நின்று பாருங்கள். சில நிமிட இடைவெளியில் ஓடும் தனியார் பஸ்கள், முன்னால் போகும் பஸ்ஸின் பயணிகளைப் பிடிக்க விரட்டுகின்றன. அந்த விரட்டலில் கொச்சியில் எத்தனையோ குடும்பங்கள் ஆளை இழந்திருக்கின்றன. அதையே திரையில் வெகுமதி கொடுத்து வளர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. வடிவமைப்பாகப் பார்த்தாலும் அது பலவீனமான சவால். வேகம் மட்டும் அளவுகோல் என்றால் ஆட்டக்காரர் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு முடிவு எதுவும் எடுக்க வேண்டியதில்லை.

விதியை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நேரம் குறியுங்கள். அந்த நேரத்துக்கு 15 விநாடி முன்னும் பின்னும் சலுகை. தாமதமாக வந்தாலும் தோல்வி, முன்னதாக வந்தாலும் தோல்வி. உடனே ஆட்டம் மாறிவிடும். முந்துவதா வேண்டாமா, நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, சிக்னலில் இழந்த விநாடிகளை எங்கே மீட்பது என்று ஆட்டக்காரர் ஓயாமல் கணக்குப் போட வேண்டும். நல்ல ஓட்டுநர் நிஜத்தில் செய்வதும் அதுதான்.

இன்னொரு விதியையும் சேர்க்கலாம்: நின்றுகொண்டு வரும் பயணி விழக் கூடாது. இதற்குப் பயணி பொம்மையோ அசைவோ எதுவும் வேண்டாம். ஒவ்வொரு விநாடியும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விநாடியில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வேகம் குறைந்தால் ஒருவர் தடுமாறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை தடுமாறினால் சவால் முடிந்தது. இரண்டு விதிக்கு மேல் வேண்டாம். மூன்றாவதைச் சேர்க்க ஆசை வந்தால் அதை அடுத்த சவாலுக்கு எடுத்து வையுங்கள்.

பள்ளுருத்தியைச் சுற்றி இப்படிப்பட்ட சவால்கள் நிறையக் கிடக்கின்றன. வேலியேற்ற (கடல் ஓதம் ஏறும்) நாட்களில் பெரும்படப்பு, இடக்கொச்சி, கும்பளங்கி ஓரங்களில் காயல் நீர் முற்றத்திலும் வழியிலும் ஏறுகிறது. சிமுலேட்டரில் நீர்மட்டத்தை நிமிடத்துக்கு நிமிடம் உயர்த்தி, சாலைகள் ஒவ்வொன்றாக மூழ்குவதற்குள் ஒரு கர்ப்பிணியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எந்த வழி கடைசிவரை தப்பும் என்பதை ஆட்டக்காரர் நிலத்தைப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஊரை அறிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய சவால் இது. மட்டாஞ்சேரி பஜார் சாலையின் நெருக்கத்தில் சரக்கு லாரியைப் பின்னோக்கி எடுப்பது மற்றொன்று. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018இல் வந்த ரோ-ரோ படகில் வண்டிகளை எடை சமமாக அடுக்குவது இன்னொன்று.

அளவெடுக்கும் இடம்

நிரல் எழுதத் தொடங்கும்போது சவாலை நான்கு நிலைகளாகப் பிரியுங்கள்: காத்திருப்பு, ஓட்டம், வெற்றி, தோல்வி. எந்த நொடியிலும் ஏதாவது ஒரு நிலையில் மட்டுமே சவால் இருக்க வேண்டும். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு எது நகர்த்துகிறது என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். இதைச் செய்யாதவர்களின் சவாலில்தான் வெற்றி அறிவிப்பு வந்த பிறகு டைமர் ஓடிக்கொண்டே இருக்கும், தோற்ற பிறகும் மணி அடிக்கும்.

செக்பாயிண்ட் வைப்பதில் எல்லோரும் இடறும் ஓர் இடம் உண்டு. ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் பார்ப்பது வீண், அரை விநாடிக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஆனால் கணக்கு போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது, அரை விநாடியில் 8 மீட்டருக்கு மேல். உங்கள் செக்பாயிண்ட் சாலையின் நீளவாக்கில் 5 மீட்டர்தான் என்றால், முதல் பார்வையில் பஸ் அதை எட்டாமல் இருந்து, அடுத்த பார்வையில் தாண்டிப் போயிருக்கலாம். சரியாக ஓட்டியவர் தோற்றுப்போவார். இதைவிட ஓர் ஆட்டக்காரரை வெறுப்பேற்றுவது வேறொன்றில்லை. பகுதியை 15 மீட்டராக நீட்டுங்கள், அல்லது அடிக்கடி பாருங்கள். நிறுத்தத்தில் நின்றாக வேண்டும் என்றால், பகுதிக்குள் இருக்கிறாரா என்பதோடு வேகம் பூஜ்யத்துக்கு அருகில் வந்ததா என்பதையும் சேர்த்துச் சோதியுங்கள்.

இடங்கள், நேரங்கள், சலுகை விநாடிகள் ஆகியவற்றை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள். அப்போதுதான் நிரல் தெரியாத உங்கள் நண்பரும் எண்களை மாற்றி, கும்பளங்கிக்கு ஒரு சவால், அரூருக்கு ஒரு சவால் என்று செய்துகொள்ள முடியும். ஆட்டக்காரர்கள் தாங்களே சவால் உருவாக்கும் வசதி என்பதன் தொடக்கம் இந்தக் கோப்புதான்.

எந்த விளையாட்டில் செய்வது? கணினி வலுவாக இருந்தால் 'பீம்என்ஜி டிரைவ்' நல்லது. கட்டங்களை இழுத்துக் கோடுகளால் இணைத்தே சவால் அமைக்கும் கருவி அதன் எடிட்டரில் உண்டு. ஊர் கட்டும் ஆட்டம் பிடித்தவர்கள் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' பக்கம் போகலாம். 2016இல் வந்த அதன் இயற்கைப் பேரிடர் தொகுப்போடு சினேரியோ எடிட்டரும் வந்தது, வெற்றி தோல்வி நிபந்தனைகளை அதில் நீங்களே வைக்கலாம். பழைய கணினி மட்டும் இருக்கிறது என்பவர்களுக்கு என் பரிந்துரை 'லுவாண்டி'. பின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010இல் தொடங்கியது, 2024 அக்டோபர் வரை 'மைன்டெஸ்ட்' என்று பெயர். இலவசம், மூல நிரல் திறந்தது, மோட்கள் லூவா என்ற எளிய மொழியில். கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனத்தின் பாடப்புத்தகம் வழியாக ஸ்கிராட்ச் கற்ற பிள்ளைக்கு, 'இது நடந்தால் அதைச் செய்' என்ற சிந்தனை ஏற்கெனவே உண்டு. லூவாவுக்குப் போவது சிறு தாவல்தான். லுவாண்டியில் பஸ் தேடி அலையாதீர்கள். அதில் பதிவிறக்கி ஆடும் 'மைன்டெஸ்ட் கேம்' விளையாட்டில் படகு இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு, குறித்த நேரத்தில், கரையில் மோதாமல் ஒரு கடவு. முதல் சவாலுக்கு அது போதும்.

ஊரின் உண்மையான சாலை வரைபடம் வேண்டும் என்றால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுக்கலாம். எடுத்தால் அதன் பெயரைச் சவாலில் குறிப்பிட வேண்டும், அது உரிம நிபந்தனை.

வெளியிடும் முன்

நிண்டெண்டோவின் 'சூப்பர் மரியோ மேக்கர்' 2015இல் வந்தபோது ஒரு கண்டிப்பான விதி இருந்தது. நீங்கள் உருவாக்கிய தடத்தை நீங்களே கடைசிவரை முடித்துக் காட்டினால்தான் பிறருக்கு வெளியிட முடியும். 'டிராக்மேனியா' பந்தய விளையாட்டிலும் அப்படித்தான், தடம் அமைத்தவர் ஓட்டிய நேரமே அந்தத் தடத்தின் அளவுகோல்களில் ஒன்றாகிறது. முடிக்க முடியாத சவால் ஆட்டக்காரரின் நேரத்தைத் திருடுகிறது. உங்கள் விளையாட்டு கட்டாயப்படுத்தாவிட்டாலும் இந்த விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் நேரத்தை வைத்து மற்றவர்களின் கடினத்தை முடிவு செய்யாதீர்கள். தடத்தின் ஒவ்வொரு வளைவும் உங்களுக்கு மனப்பாடம். மூன்று பேரை ஆட வையுங்கள், நடுவில் வருகிறவரின் நேரத்தை ஒட்டி எண்களை அமையுங்கள். அவர்களில் ஒருவராவது இந்த வகை விளையாட்டு பழக்கமில்லாதவராக இருப்பது முக்கியம்.

ஆடும்போது பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். "அண்ணா, இப்ப எங்க நிறுத்தணும்?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்பான். பதில் நாக்கின் நுனியில் நிற்கும். சொல்லாதீர்கள், கேள்வியையும் அது வந்த இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சவால் முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போகும்போது அங்கே பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். அவன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் திரையில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும்: ஓர் அம்புக்குறி, நிறம் மாறும் நிறுத்தம், ஒரு மணிச்சத்தம். கேள்விகளை எழுதிய இந்தத் தாள்தான் பிறகு உங்கள் விண்ணப்பத்தின் மிக மதிப்புள்ள பக்கமாகப் போகிறது, பத்திரமாக வையுங்கள்.

எழுத்தைக் குறைத்து அடையாளங்களைக் கூட்டுவதற்கு நம் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. மேற்குக் கொச்சியில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, உருது எல்லாம் அடுத்தடுத்த தெருவில் பேசப்படுகின்றன. தமிழிலோ மலையாளத்திலோ எழுத்து வைப்பதானால் முதலில் சோதித்துப் பாருங்கள். பல கேம் எஞ்சின்களில் நம் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். 2023இல் வந்த கோடோ 4 இந்த எழுத்துகளைச் சரியாக அடுக்கிக் காட்டுகிறது. மற்றவற்றில் சிக்கல் வந்தால் வாசகத்தைப் படமாக மாற்றி ஒட்டுவது உடனடி வழி.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சவால் பிரபலமானதும், ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஜெயித்தவருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றித் தடை செய்கிறது. மோடை விற்கும் எண்ணம் இருந்தால் அந்த விளையாட்டின் உரிம விதிகளை முழுவதும் படியுங்கள். நிஜ பஸ் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அனுமதியின்றி விற்பனைப் பொருளில் வைக்காதீர்கள்.

வேலை எங்கே இருக்கிறது

பள்ளுருத்தியிலிருந்து பார்த்தால் கண்கள் இயல்பாகக் காக்கநாட்டு இன்ஃபோபார்க் பக்கம் போகும். கேம் நிறுவனங்களில் புதியவர் நுழையும் கதவு பெரும்பாலும் டெஸ்டர் வேலை. அங்கிருந்து லெவல் டிசைனர் ஆகிறவர்கள், பிழையைச் சொல்வதோடு நிற்காமல், ஆட்டக்காரர் ஏன் அங்கே தடுமாறினார் என்றும் எழுதத் தெரிந்தவர்கள். சவால் உருவாக்கிப் பழகிய கைக்கு அந்த எழுத்து தானாக வரும்.

எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது வில்லிங்டன் தீவின் பக்கம். கொச்சி துறைமுக நகரம், இந்தியக் கடற்படையின் பயிற்சிக்குப் பொறுப்பான தென் கடற்படைக் கட்டளையகம் இருக்கும் இடம். வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கான எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச ஒப்பந்தம் ராடார் பயிற்சியைச் சிமுலேட்டரில் பெறுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கப்பல், விமானம், கிரேன், கனரக வண்டி என்று எதை ஓட்டக் கற்பித்தாலும் இப்போது சிமுலேட்டர் வந்துவிட்டது. அங்கே 'சவால்' என்று சொல்ல மாட்டார்கள், 'சினேரியோ' என்பார்கள். துறைமுக வாயிலில் நுழையும்போது எஞ்சின் நிற்கிறது, நீரோட்டம் வெளியே இழுக்கிறது, குறுக்கே மீன்பிடிப் படகுகள் வருகின்றன, ஆறு நிமிடத்தில் மாணவர் என்ன செய்கிறார்? தொடக்கம், காரியம், வெற்றி, தோல்வி. நீங்கள் தாளில் எழுதிய அதே நான்குதான்.

இந்தச் சினேரியோவை மனத்தில் உருவாக்குகிறவர் கடலில் பணியாற்றிய ஆசிரியர். அவர் இடத்துக்கு நீங்கள் போட்டியிடவில்லை. அவர் வாயால் சொல்வதை அளக்கக்கூடிய நிபந்தனைகளாக மாற்றி, சிமுலேட்டருக்குள் வைத்து, மாணவர் தடுமாறும் இடங்களைக் குறித்து, எண்களைத் திருத்தித் தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக உங்களைக் காட்டிக்கொள்ளுங்கள். படகுக் கடவுச் சவால் ஒன்றை ஏற்கெனவே செய்திருந்தால் பேச்சைத் தொடங்குவது எளிது.

விண்ணப்பத்தோடு மூன்றைக் கொடுங்கள். ஆடக்கூடிய சவால் கோப்பு. ஒன்றரை நிமிடக் காணொளி: முதல் பத்து விநாடியில் விதி என்ன என்பது புரிந்துவிட வேண்டும், இசையும் தலைப்பு அலங்காரமும் வேண்டாம், ஒரு தோல்வியையும் ஒரு வெற்றியையும் வெட்டாமல் காட்டுங்கள். மூன்றாவது, கேள்விகளைக் குறித்த அந்தத் தாள். மூன்று பேர் ஆடியபோது என்ன கேட்டார்கள், அதற்காக நீங்கள் எதை மாற்றினீர்கள், எதை யோசித்துவிட்டு மாற்றாமல் விட்டீர்கள், ஏன். சலுகை நேரத்தை 10 விநாடியிலிருந்து 15 ஆக்கினால் அந்த ஐந்து விநாடிக்கான காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி அந்த வரியிலிருந்து வர வாய்ப்பு அதிகம்.